கடிக்கும் பருவம்

நாய்க்குட்டி வந்த புதிதில் ஒரு வீட்டின் பேச்சே மாறிப்போகும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அது தூங்கும் அழகையும், பால் குடித்தபின் வயிறு தள்ள நடப்பதையும் சொல்லி மாளாது. இரண்டு மாதம் போனதும் அதே வீட்டில் வேறு பேச்சு. "புதுச் செருப்பு, ஒரு தடவகூட முழுசாப் போடல." "சோபாவப் பிச்சுப் பஞ்ச வெளிய இழுத்துடுச்சு." "நேத்து சார்ஜர் வயரு, இன்னைக்குக் கட்டில் காலு." இன்னும் கொஞ்ச நாள் போனால் குரல் தாழும். "தோட்டம் துரவு வச்சிருக்கவங்க யாராவது இருந்தாச் சொல்லுங்களேன். நல்லாப் பாத்துக்கிட்டாப் போதும், குடுத்துடலாம்."

இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். தவணையில் வாங்கிய நாற்காலியின் கால் அரைபட்டுக் கிடக்கும்போது வரும் ஆற்றாமை உண்மையானது. வாடகை வீடென்றால் கதவுக்கும் நிலைக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இந்தக் கேள்வி எழும் காலத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலும் நாய்க்கு நான்கு மாதத்துக்கு மேல், ஒன்றரை வயதுக்குள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழப்போகும் ஓர் உயிரின் கதியை, அதன் வாழ்வின் மிகக் கடினமான சில மாதங்களை வைத்து முடிவு செய்துவிடுகிறோம். அந்த மாதங்களில் அதன் வாய்க்குள் என்ன நடக்கிறது, அது எதைத் தேடிக் கடிக்கிறது என்று தெரிந்தால் முடிவு வேறாகும் என்று நம்புகிறேன்.

*

நாய் பொக்கை வாயோடும் மூடிய கண்களோடும் பிறக்கிறது. மூன்றாம் வாரத்தில் பால் பற்கள் ஈறைக் கீறிக்கொண்டு வரத் தொடங்கும். இரண்டு மாதம் ஆகும்போது 28 பற்களும் நிறைந்துவிடும். நான்காம் மாத வாக்கில் அவை விழ ஆரம்பிக்கின்றன. முதலில் முன்பற்கள், அடுத்துக் கோரைப் பற்களும் அவற்றுக்குப் பின்னால் இருப்பவையும். பால் பற்களில் இல்லாத கடைவாய்ப் பற்கள் புதிதாக முளைக்கின்றன. ஏழாம் மாத வாக்கில் 42 பற்களும் வந்துவிடும். மனிதக் குழந்தைக்கு 20 பால் பற்கள் விழுந்து மாற்றுப் பற்கள் வர ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஆகிறது. நாயின் தாடையில் அத்தனை வேலையும் மூன்று நான்கு மாதத்தில் நடந்து முடிகிறது.

ஐந்து மாதக் குட்டியின் உதட்டை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்து தடித்திருக்கும். பால் கோரைப்பல் ஆடிக்கொண்டிருக்க, அதை ஒட்டியே புதுப் பல்லின் வெள்ளை முனை தெரியும். அது கடித்துப் போட்ட துணியில் இளஞ்சிவப்பாகக் கறை இருக்கும். விழுகிற பல்லைப் பெரும்பாலும் அதுவே விழுங்கிவிடும். எப்போதாவது ஒன்று பாய் இடுக்கில் அகப்படும்: அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது, வேர் கரைந்து அடி குழிந்தது. அந்த வேரைக் கரைத்துத் தள்ளிக்கொண்டு வரும் புதுப் பல் ஈறில் உண்டாக்கும் தினவுக்கும் நோவுக்கும் குட்டிக்குத் தெரிந்த ஒரே மருந்து, எதையாவது அழுத்திக் கடிப்பது. எதிரில் இருப்பது தேக்கு நாற்காலியா தென்னை மட்டையா என்று அது தரம் பிரிப்பதில்லை.

பல் முளைத்து முடிந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கு இன்னொரு பருவம் மிச்சமிருக்கிறது. ஏழெட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை தாடை வலுத்து, உடம்பில் முறுக்கேறி, செய்ய வேலையில்லாமல் திரியும் இளம் நாய் அது. பால் பல் கீறியதை இது பிளக்கும். வீடுகளில் பொறுமை முறிவது இங்கேதான். "குட்டியில கடிச்சுது சரி, இன்னுமா?" என்கிறார்கள். ஆம், இன்னும்தான். ஆனால் இதுவும் கடந்துபோகிற பருவம். இரண்டு வயதைத் தாண்டி, நடையும் துணையும் கடிக்கத் தனக்கென்று ஒன்றும் கிடைத்த நாய், வீட்டுப் பொருளைத் தேடிப்போய்க் கடிப்பது அரிது.

*

பல் நோவு பாதிக் காரணம். மறுபாதி, நாய்க்குக் கை இல்லை என்பது. நாம் ஒரு பொருளை எடுத்துப் புரட்டி, தட்டி, நகத்தால் கீறிப் பார்த்து அறிவதை அது உதட்டாலும் நாக்காலும் பல்லாலும் அறிகிறது. உலகத்தை அது கற்றுக்கொள்ளும் வழியே வாய்தான்.

நாய் செருப்பைக் கடிப்பதைக் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை, மோந்து பார்க்கிறது. குதிகால் பள்ளத்திலும், பெருவிரல் அழுந்தி அழுந்திக் கறுத்த இடத்திலும் மூக்கை வைத்து நெடுநேரம் இழுக்கிறது. பிறகு கவ்விக்கொண்டு தன் மூலைக்குப் போய்ப் படுக்கிறது. முன்னங்கால் இரண்டையும் செருப்பின்மேல் போட்டு அழுத்திக்கொள்கிறது. முன்பற்களால் வாரைக் கொறித்து இழுக்கிறது. வார் தளர்ந்து வந்ததும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து அதை வாயின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. அங்கேதான் மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளாக உரசிக்கொண்டு இறங்குகின்றன. தோலையும் நாரையும் அறுப்பதற்கென்றே அமைந்த பற்கள் அவை. கண் பாதி மூடியிருக்கிறது. காது தளர்ந்து கிடக்கிறது. மூச்சு சீராகிறது. அந்த முகத்தில் பழிவாங்கும் எண்ணமோ கள்ளத்தனமோ இல்லை. தேடிய வேலை கிடைத்துவிட்ட உயிரின் நிதானம்தான் இருக்கிறது.

எத்தனையோ இருக்கச் செருப்பை ஏன் தேடுகிறது? வீட்டில் இருப்பவர்கள் கிளம்பிப் போனபின் அவர்களுடைய வாடை மிகுதியாகத் தங்கியிருக்கும் பொருள்களை வரிசைப்படுத்திப் பாருங்கள்: செருப்பு, காலுறை, தலையணை உறை, கழற்றிப் போட்ட உள்பனியன், எல்லோர் கையும் பட்ட டிவி ரிமோட், மூக்குக் கண்ணாடி. நாய் கடித்ததாகக் குறைப்பட்டுக்கொள்ளும் பொருள்களின் பட்டியலும் ஏறத்தாழ இதுதான். வெறுப்பினால் அது இவற்றைத் தேர்வதில்லை. நம்மில் எஞ்சியிருப்பது இவற்றில்தான் இருக்கிறது.

இனத்துக்கு இனம் வாயின் வேலையும் வேறு. நகரத்து அடுக்ககங்களில் இன்று பரவலாக இருக்கும் லாப்ரடாரின் மூதாதையர், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு இருந்து, வலையையும் தப்பிய மீனையும் தண்ணீரிலிருந்து கவ்வி வந்த நாய்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்த அவற்றின் வழிவந்த நாய்களை, சுட்டு வீழ்த்திய பறவையைச் சிதைக்காமல் வாயில் ஏந்தி வருவதற்கென்று வளர்த்தெடுத்தார்கள். எதையாவது வாயில் வைத்துக்கொள்ள விரும்பிய நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்ததன் பயன் இன்றைய லாப்ரடார். அதை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து, எதையும் வாயில் எடுக்காதே என்கிறோம்.

நம் ஊரிலும் நாயின் பல்லுக்கு மதிப்பிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்பதையும், கள்ளர் இருவரைக் கடித்து அது காவல் நின்றதையும் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் கடிக்குக் கல்லெழுத்தில் இடம் கிடைத்தது. காவலுக்கும் வேட்டைக்கும் வேண்டும் என்று நாம் வளர்த்த பல்தான் இன்று கட்டில் காலில் பதிகிறது.

*

ஊர்ப்புறத்தில் நாய் திண்ணைக்குக் கீழும் முற்றத்திலும் களத்திலும் இருந்தது. வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. அதனால் வீட்டுப் பொருளைக் கடிக்க வழியும் இல்லை. வெளியே பனங்கொட்டை கிடந்தது, தென்னை மட்டை கிடந்தது, விறகுக் கட்டை கிடந்தது. குட்டி அவற்றோடு மல்லுக்கட்டியே பல் முளைத்தது. வாசலில் விட்ட செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாயைத் துரத்தாத ஊர் இருக்காது. அதற்குமேல் சேதம் பெரிதாக இருந்ததில்லை. அந்த வாழ்வில் நாய்க்கு நோயும் பட்டினியும் அடியும் இருந்தன. அதைப் பொற்காலமாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நாளெல்லாம் வாய்க்கு வேலை இருந்தது.

இப்போது நாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே வந்ததால் அதற்குத் தடுப்பூசியும் வேளைச் சோறும் மடியும் கிடைத்தன. ஆனால் உள்ளே வந்த நாய்க்கு வெளியே இருந்தவற்றில் எதைக் கொண்டுவந்து கொடுத்தோம்? காலை ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் மாலைவரை அதன் உலகம் ஒரு கூடமும் ஒரு பால்கனியும். கடிக்கக்கூடிய எல்லாமே கடிக்கக் கூடாதவை.

காலுறையை விழுங்கி, குடலில் அடைத்து, வயிற்றைக் கிழித்து எடுத்த பிறகு தையலோடு படுத்திருந்த ஓர் இளம் லாப்ரடாரை ஒரு கால்நடை மருத்துவமனையில் பார்த்தேன். பக்கத்தில் அதை வளர்த்த இளைஞர், கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல கடிக்கறதுக்கு என்ன குடுத்திருக்கீங்க, தம்பி?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல டாக்டர். எதையும் கடிக்கக் கூடாதுன்னுதான் பழக்கிட்டு இருக்கோம்."

"நீங்க குடுக்கல. அதுவா தேடிக்கிடுச்சு."

மருத்துவர் கடிந்து சொல்லவில்லை. அந்தப் பதிலுக்குள் எல்லாம் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. நாய் கடிப்பதை நிறுத்தமுடியாது. எதைக் கடிக்கிறது என்பதை மாற்றலாம். அந்த மாற்றம் நாயிடம் தொடங்குவதில்லை, வீட்டாரிடம் தொடங்குகிறது.

*

பெரும்பாலான வீடுகளில் அது அடியில் தொடங்குகிறது. மாலையில் கதவைத் திறக்கிறோம். தலையணைப் பஞ்சு கூடமெங்கும். கிழிந்த உறையை நாயின் மூக்குக்கு நேரே காட்டி, "என்ன பண்ணிவச்சிருக்க?" என்று ஒன்று போடுகிறோம். நாய் காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கி, கண்ணைத் தாழ்த்துகிறது. "பாத்தியா, அதுக்கே தெரியுது தப்புன்னு" என்கிறோம்.

அந்தப் பார்வையை நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துப் பார்த்தார். 2009இல் வெளிவந்த ஆய்வு அது. 14 நாய்கள். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சொன்னது சில முறை உண்மை, சில முறை பொய். நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்ற முகத்துக்கும் தொடர்பே காணப்படவில்லை. வளர்ப்பவர் கடிந்துகொண்டபோது அந்த முகம் மிகுதியாக வந்தது. ஒரு தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நாம் குற்றவுணர்ச்சி என்று படித்தது, நம் கோபத்தைக் கண்ட அச்சம்.

செயலுக்கும் விளைவுக்கும் இடையில் சில நொடிகளே இருந்தால்தான் நாய் இரண்டையும் முடிச்சுப்போடும். காலையில் கிழித்த தலையணைக்கு மாலையில் விழும் அடியை அது தலையணையோடு சேர்த்துக் கற்பதில்லை. சாவி திரும்பும் ஓசையோடும், உள்ளே வரும் நம் காலடியோடும், நம் கையோடும் சேர்த்துக் கற்கிறது. பிறகு நாம் வரும் நேரம் நெருங்க நெருங்க அதற்குப் பதற்றம் ஏறும். பதறிய நாய் தன்னை ஆற்றிக்கொள்ளச் செய்வது என்ன? எதையாவது கடிப்பது. கடித்ததற்கு அடித்து, அடித்ததால் கடிக்கும் நாயை நம் வீட்டிலேயே உருவாக்கிவிடுகிறோம்.

*

அப்படியானால் என்ன செய்வது? நாயோடு பழகியவர்கள் முதலில் சொல்வது எளிமையானது: எடுத்து வை. செருப்புக்கு மூடிய அலமாரி, ரிமோட்டுக்கு உயரமான இடம், அழுக்குத் துணிக்கு மூடியுள்ள கூடை. தவழத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டில் தரைமட்டத்தில் எதுவும் வைக்காமல் இருக்க நமக்குத் தெரியும். நாய் ஒரு பொருளைக் கடிக்கும் ஒவ்வொரு முறையும் அது இனிமையானது என்று கற்கிறது; கடிக்க வாய்க்காத பொருளைப் பற்றி அது எதையும் கற்பதில்லை. கண் பார்வையில் வைத்துக்கொள்ள முடியாத நேரத்தில் ஓர் அறையையோ தடுப்பு வைத்த மூலையையோ அதற்கென்று ஒழித்துக்கொடுக்கலாம். குட்டையான சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவது இதில் சேராது. அது பொருளைக் காக்கும், நாயைக் கெடுக்கும்.

அடுத்து, கொடு. பல் முளைக்கும் குட்டிக்குக் குளிர்ந்த கேரட் நல்லது. கெட்டித் துணியை நனைத்து முறுக்கி உறையவைத்து, நாம் பக்கத்தில் இருக்கும்போது தரலாம். உள்ளே குடைவான கெட்டி ரப்பர் பொம்மைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவருடைய ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தன் வோக்ஸ்வேகன் வண்டியைப் பழுதுபார்க்கும்போது கழற்றிய ரப்பர் பாகம் ஒன்றை அவர் அதனிடம் போட, நாய் கல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் காங் என்ற பொம்மை. கல்லைக் கடிக்காதே என்று சொல்லிப் பயனில்லாத நாய்க்குக் கல்லைவிட நல்லதொன்று கிடைத்ததும் சிக்கல் தீர்ந்தது. நம் வீட்டில் அந்தக் குடைவுக்குள் தாளிக்காத, உப்பில்லாத தயிர்ச்சோற்றை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால், நாம் கிளம்பியபின் வரும் கடினமான முதல் அரைமணி நேரம் நாய்க்கு நக்குவதிலும் கடிப்பதிலும் கழியும்.

பழைய செருப்பை விளையாடக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைக் கைவிட வேண்டும். தோலும் வாடையும் ஒன்றாக இருக்க, பழையது தனக்கு, புதியது நமக்கு என்ற பாகுபாட்டை நாய் எப்படி அறியும்? குழம்பில் வெந்த கோழி எலும்பையும் தரக்கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மான் கொம்பும் தடித்த மாட்டெலும்பும் வேறு கேடு செய்யும்: நாம் மேலே பார்த்த அந்த நான்காம் முன்கடைவாய்ப் பல் பக்கவாட்டில் சீவியெடுத்ததாகப் பிளந்துபோகும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்குகிற பொருளே நாயின் பல்லுக்கு ஏற்றது.

மூன்றாவது, பண்டமாற்று. வாயில் இருப்பதைப் பிடுங்காதீர்கள், துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டாகிவிடும்; பிடுங்கினால் விழுங்கிவிடும் அல்லது உறுமக் கற்கும். பிடித்த தின்பண்டம் ஒன்றை மூக்கருகே கொண்டுபோங்கள். நாசி அசையும், தாடை தளரும், பொருள் கீழே விழும். விழும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லித் தின்பண்டத்தைக் கொடுங்கள். கையோடு அதற்கு உரிய பொம்மையையும் கொடுங்கள். சில வாரங்களில் "விடு" என்ற சொல் மட்டுமே போதுமானதாகும். வீட்டில் அத்தனை பேரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது முக்கியம்.

கசப்புப் பூச்சு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 1958இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்ட டெனடோனியம் என்ற கடுங்கசப்புப் பொருள் இன்று பல தெளிப்பான்களில் இருக்கிறது. கட்டில் காலுக்கும் நிலைக்கும் அது ஓரளவு உதவும். சில நாய்கள் பொருட்படுத்துவதே இல்லை. மாற்றுப் பொருள் கொடுக்காமல் கசப்பை மட்டும் பூசினால், நாய் பூசாத இடத்தைத் தேடிப் போகும். மிளகாய்த்தூளைத் தடவுவது கொடுமை. நுகர்வே வாழ்வான உயிரின் மூக்கையும் கண்ணையும் அது எரிக்கும்.

*

பொருள் போவதை விடப் பெரிய இழப்புகள் உண்டு. மின் வயரைக் கடித்த நாயைத் தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். வாய் ஓரத்தில் சிறு தீக்காயம் மட்டும் தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவது பல மணி நேரம் கழித்தும் வரலாம். நூலையோ நாடாவையோ விழுங்கி, ஒரு முனை ஆசனவாயில் தெரிந்தால் இழுக்கக் கூடாது, குடல் அறுபடும். மாங்கொட்டை குடலை அடைக்கும். பூச்சி உருண்டை, எலி மருந்து, பொத்தான் பேட்டரி, அரளிச் செடி, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் எல்லாமே உயிருக்கு உலை. எடுத்து வை என்ற அறிவுரை செருப்புக்காக மட்டும் சொல்லப்படுவதில்லை.

கடிப்பதெல்லாம் ஒரே கடியும் அல்ல. நாம் கிளம்பிய சற்று நேரத்திலேயே கதவு நிலையையும் ஜன்னல் சட்டத்தையும் குதறி, எச்சில் வழிய, ஊளையிடும் நாய் விளையாடவில்லை. தனிமையைக் கண்டு அது நடுங்குகிறது. கைபேசி கேமராவை ஓட விட்டுப் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குப் பொம்மை போதாது. சில நொடிகளில் தொடங்கிச் சிறுகச் சிறுகத் தனியே இருக்கப் பழக்க வேண்டும், மருத்துவரின் துணையும் வேண்டும். மண்ணையும் சுவரையும் கல்லையும் தின்னும் நாய்க்குக் குடற்புழுவோ உண்ணிக் காய்ச்சலால் வந்த சோகையோ இருக்கலாம். திடீரென்று குணம் மாறி, கட்டையையும் சங்கிலியையும் வெறியோடு கடித்து, எச்சில் ஒழுக, தண்ணீர் விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில் கையை விடவே கூடாது. ரேபிஸ் ஒழியாத நாட்டில் இருக்கிறோம். குட்டியின் பல் கீறலே ஆனாலும் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடியின் அளவை நாய் தன் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் கற்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், ஆட்டம் நிற்கும். அடுத்த முறை பல் மெதுவாகப் படும். ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூல், நாயின் சமூகப் பழக்கம் உருவாகும் காலத்தை மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை என்று வரையறுத்தது. இங்கோ ஒரு மாதக் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. சீக்கிரம் வந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி வாங்குகிறவர்கள், அதன் முதல் பள்ளியிலிருந்து அதைப் பாதியில் இழுத்து வருகிறார்கள்.

*

1914இல் ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் கல்லுடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையானது. ஓர் ஆணும் ஓர் இளம்பெண்ணும், அவர்களோடு ஒரு நாயும். அந்த நாயின் பற்களை ஆராய்ந்து லுக் யான்சென்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் 2018இல் எழுதிய கட்டுரை, நாயைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் அசைத்தது. சாகும்போது அதற்கு வயது ஏறத்தாழ ஏழு மாதம். பல்லின் எனாமலில் இருந்த வடுக்கள், ஐந்து மாத வாக்கில் அதற்கு டிஸ்டெம்பர் கண்டு, வாரக்கணக்கில் நோயில் கிடந்ததைக் காட்டின. யாராவது தண்ணீர் காட்டி, வாந்தியும் கழிச்சலும் துடைத்து, குளிர் படாமல் வைத்திருந்தாலன்றி அந்தக் குட்டி அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு.

ஐந்து மாதம், ஏழு மாதம் என்ற கணக்கைக் கவனியுங்கள். பல் விழுந்து முளைக்கும் அதே மாதங்கள். அந்தப் புதைகுழியில் எலும்பில் செய்த ஊசி ஒன்றும், கொம்பில் செதுக்கிய விலங்குருவம் ஒன்றும் கிடைத்தன. அந்த மனிதர்களின் உடைமைகளை நினைத்துப் பார்க்கிறேன். எலும்பு, கொம்பு, தோல், நரம்பு, மரம். ஒன்றுவிடாமல் நாய்க்குட்டி கடிக்கக்கூடியவை. கடையில் போய் வேறு வாங்கிவிட முடியாது. தோலைக் கிழித்துவிட்டால் இன்னொரு வேட்டை, இன்னொரு பதனிடல். பனியுகத்தின் முடிவில், உணவுக்கே உறுதியில்லாத வாழ்வில், வேட்டைக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியை அதன் மிகத் தொல்லையான பருவத்தில் அவர்கள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நாயும் மனிதனும் சேர்ந்து வாழ்ந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, கடிக்கும் பருவத்துக் குட்டியிடம் காட்டிய பொறுமையாக இருக்கிறது.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் வரம்புமீறிக் கட்டிவைப்பதும் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. கடற்கரையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் இறக்கிவிடப்படும் இளம் நாய்களுக்குச் சட்டம் தரும் காவல் இவ்வளவே. கழுத்தில் பட்டையின் தடத்தோடு, போகிற கார்களையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கும் நாய்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். தெருவில் பிறந்த நாய்க்குத் தெரியும் தெரு அவற்றுக்குத் தெரியாது.

ஆகவே நாய் வளர்ப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றரை வயதுவரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வையுங்கள். கடிக்க ஒன்றைக் கொடுங்கள். நாளில் சிறிது நேரமாவது கூட இருங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்த ஒன்றரை ஆண்டை உங்களால் தர முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால் நாய்க்குட்டி வாங்காதீர்கள்.